கண்ணாடியில் கட்டிய சிவப்புத் துணி

அத்தியாயம் 14

அன்று காலை மெங் வீட்டு வட்ட மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலைப் பார்த்த நாற்காலி விருந்தாளிக்கு விட வேண்டியது. அதில் வீட்டுக்காரர் மெங் டெஷெங் தானே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இடப்பக்கம் மனைவி குய்ஷியாங். வலப்பக்கம் மாப்பிள்ளை போவென். கார் கம்பெனியின் மேலாளர் ஷென்னுக்குக் கிடைத்தது வாசலுக்கு முதுகைக் காட்டும் இடம், சமையலறையிலிருந்து தட்டுகள் வரும் வழி. ஐந்தாவது நாற்காலி மகள் ரூயினுடையது. ஷென் கொண்டுவந்த பழக்கூடை அதில் இருந்தது. யாரும் கை நீட்டி வாங்காததால் அவரே அங்கே வைத்துவிட்டார்.

பாதிச் சண்டை அந்த நாற்காலிகளிலேயே முடிந்திருந்தது. ஷென்னுக்கும் அது புரிந்தது. புரியாதவர் போலத் தேநீரைப் புகழ்ந்தார்.

ரூயின் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். மார்ச் மாத மழையில், மூன்றாம் வட்டச் சாலையில், தானாகவே ஓடக்கூடிய அவளுடைய புதுக் கார், யாரும் கேட்காமலே வலப்பக்க வரிசைக்கு மாறியது. அங்கே சிமெண்ட் கலவை லாரி வந்துகொண்டிருந்தது. லாரி தள்ளிய வேகத்தில் கார் நடுத்தடுப்பில் போய் நசுங்கியது. அவளுடைய இடது கால் இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது. இனிமேல் நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

அந்தக் காரை விற்ற ஷோரூமில்தான் போவென் வேலை பார்க்கிறான். ஊழியர் சலுகையில் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அன்றிலிருந்து மாமனார் அவனோடு நேராகப் பேசுவதில்லை. "அந்தாள் சோறு சாப்பிடறானான்னு கேளு" என்று மனைவி மூலமாகத்தான் விசாரிப்பார்.

ஷென் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையின் சுழலும் கண்ணாடித் தட்டில் வைத்தார். பக்கத்தில் விரல் ரேகை வைக்கச் சிவப்பு மைச்சிமிழ். தட்டை மெல்லத் திருப்பினார். தாளும் சிமிழும் ஊறுகாய்க் கிண்ணத்தைத் தாண்டி குய்ஷியாங்கின் முன்னால் வந்து நின்றன.

காருக்கு வெளியே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா இருக்கிறது, பக்கத்து வரிசையில் யார் வருகிறார்கள் என்று வண்டிக்குச் சொல்வது அதுதான் என்று ஷென் விளக்கினார். விபத்துக்கு முன்னால் அது எடுத்த படங்களில் லாரி இல்லை, சாலையும் இல்லை. சிவப்பாக ஏதோ ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அது துணி. வண்டி வாங்கியபோது வீட்டார் கட்டிய துணி. கேமராவை மறைத்தது நாங்கள்தான், வண்டியில் குறை எதுவும் இல்லை என்று எழுதிய தாள் அது. கட்டியவர் விரல் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியைச் சேரும். புது வண்டி வரும். போவென் அடுத்த மாதத்திலிருந்து ஷோரூம் பொறுப்பாளர். ஆனால் இன்று மாலைக்குள் வைத்தாக வேண்டும். நாளைக்குத் தலைமையகத்தில் இந்தக் கோப்பை மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல், இரங்கல் சொல்ல வந்தவர் போலவே சொன்னார்.

கட்டியது குய்ஷியாங். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. காற்றில் சீக்கிரம் விழுந்துவிடக் கூடாதே என்று இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைத் தாராளமாகத் தொங்கவிட்டவள் அவள். புது வண்டியில் கட்டிய துணியைக் கையால் அவிழ்க்கக் கூடாது, வெயிலிலும் மழையிலும் இற்றுத் தானாக விழ வேண்டும், அதுவரைக்கும் வண்டிக்குக் காவல் என்று மகளிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லி வைத்திருந்தாள். கண்ணாடிக்கு அடியில் கண் இருக்கிறது என்று அன்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை; விபத்துக்குப் பிறகுதான் துணிமேல் சந்தேகம் என்று காதில் விழுந்தது.

என் முடிச்சுதான் என் மகள் காலை எடுத்ததா? இந்தக் கேள்வியோடுதான் அவள் அத்தனை நாளாக மகளுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பதில் தாளில் அச்சாகி வந்திருந்தது. விரல் வைத்தால் அது அவளுடைய பதிலாகிவிடும். மகள் நொண்டிக்கொண்டு எதிரே வரும் ஒவ்வொரு காலையிலும் அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டே மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும்.

டெஷெங் தேநீரை உறிஞ்சினார். அவர் டாக்சி ஓட்டுகிறவர். ஆளில்லா டாக்சிகள் இவர்களுடைய ஹான்யாங் பகுதியில் இறங்கிய நாளிலிருந்து அவருடைய சவாரி பாதியாகிவிட்டது. அவற்றைப் பேய் வண்டி என்றுதான் சொல்வார்.

"ஷென் தம்பி, எனக்கொரு சந்தேகம்," என்றார். "நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டி ஒருத்தனை இடிச்சா, போலீஸ் என்னைப் பிடிப்பானா, துணி வித்தவனைப் பிடிப்பானா?"

ஷென் சிரித்தார். டிரைவர் ஐயாவின் கோபம் நியாயம்தான் என்றார்.

போவென் தலை நிமிரவே இல்லை. விரல் வைத்துவிடலாம் அத்தை, ரூயினுக்கு அடுத்த ஆபரேஷன் இருக்கிறதே என்று மேசையிடம் முணுமுணுத்தான்.

குய்ஷியாங் மைச்சிமிழைத் திறந்தாள். பெருவிரல் மைக்கு மேலே நின்றது. அப்படியே மூடிவிட்டாள்.

"அந்தக் கண் எங்க இருக்குன்னு காட்டுங்க," என்றாள். "நான் எதை மறைச்சேன்னு ஒரு தடவை பாத்துடறேன். அப்புறம் வைக்கிறேன்."

நசுங்கிய காரைக் கம்பெனி தன் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டாருக்கே காட்டவில்லை. ஷோரூமில் அதே மாதிரி வண்டி இருக்கிறது, தாராளமாகப் பார்க்கலாம் என்று ஷென் எழுந்தார். போவென் மட்டும் வேண்டாமே என்றான். வெயிலில் அத்தை எதற்கு அலைய வேண்டும், தன் போனிலேயே படம் காட்டுகிறேன் என்றான். ஏப்ரல் வெயில் ஒன்றும் கொளுத்தவில்லை. குய்ஷியாங் அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு காலணியை மாட்டினாள்.

*

ஷென்னும் போவென்னும் கம்பெனிக் காரில் முன்னால் போனார்கள். குய்ஷியாங் புருஷனுடைய டாக்சியில் பின்னால் போனாள். சாலையோர மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து கண்ணாடியில் ஒட்டியது. டெஷெங் தும்மிக்கொண்டே ஓட்டினார்.

பாலத்தின் மேல் நெரிசலில் இரண்டு வண்டியும் அடுத்தடுத்த வரிசையில் நின்றன. டெஷெங் எட்டிப் பார்த்தார். பிறகு மனைவியின் தோளைத் தட்டினார்.

"கிழவி, அங்க பாரு. விக்கிறவன் எப்படி ஓட்டறான்னு பாரு."

அதுவும் தானாக ஓடும் வண்டிதான்; ஆனால் ஷென்னின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கார் நின்றிருந்தபோதும் எடுக்கவில்லை.

"அவர் வண்டி, அவர் கை. உனக்கென்ன," என்றாள் குய்ஷியாங். ஆனால் நெரிசல் விலகும்வரை அவளும் அந்தக் கைகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவள். இருபத்தைந்து வயதில் அந்த வேலையை ஒரு இரும்புக் காசுப்பெட்டி வாங்கிக்கொண்டது. அதற்காக அவள் பெட்டியை வெறுத்ததில்லை. பெட்டி காசுதான் வாங்கியது, யாரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பஸ்ஸை ஓட்ட எப்போதும் ஒரு ஆள் இருந்தான். அவனுக்கு ஒரு முகம் இருந்தது. தப்பாக நிறுத்தினால் திட்டலாம். திரும்பத் திட்டுவான்.

ஷோரூமில் அப்போது ஒரு வண்டி ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தது. பானட்டின் மேல் தலையணை அளவுக்குச் சிவப்புப் பட்டுப் பூ. காகிதத் துகள் வெடி. வாங்குகிற குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. சீருடை போட்ட ஒரு பெண் கம்பெனியின் பரிசுப் பெட்டியைத் திறந்து சிவப்புத் துணிகளை எடுத்தாள். கம்பெனி முத்திரை போட்ட துணிகள். குய்ஷியாங் கட்டியதும் அதே மாதிரிப் பெட்டியிலிருந்து வந்த அதே மாதிரித் துணிதான்.

அந்தப் பெண் அவற்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டினாள்.

வாங்கியவரின் மாமியார் போலிருக்கிறது, ஒரு அம்மாள் முன்னால் வந்து, கண்ணாடியில்தானே கட்டுவார்கள், அப்போதுதான் வண்டி போகும்போது ஆடும் என்றார். அந்தப் பெண் பணிவாக மறுத்தாள். துணிச் சாயம் மழையில் இறங்கிக் கண்ணாடியின் பெயிண்ட் கெட்டுவிடும், கைப்பிடியில் கட்டினாலும் அதே பலன்தான் என்றாள். அம்மாளுக்கு அரை மனம். ஆனால் புது பெயிண்ட் கெடும் என்றால் யார்தான் மறுபேச்சுப் பேசுவார்கள்?

குய்ஷியாங் காத்திருந்தாள். கூட்டம் நகர்ந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், தானும் இங்கே ஒரு வண்டி வாங்கிய வீட்டுக்காரிதான் என்றாள். பொய் இல்லை.

"எங்களுக்குக் கண்ணாடியிலதாம்மா கட்டச் சொன்னாங்க. எப்ப மாத்தினாங்க?"

"நீங்க எப்ப வாங்கினீங்க ஆன்ட்டி?"

"போன இலையுதிர் காலத்துல."

"ஓ, அப்ப கண்ணாடிதான். வசந்த விழாவுக்கு முன்னாடி ஒரு நாள் காலை வரிசையில சொன்னாங்க, இனிமே கைப்பிடியிலன்னு. கேட்டா பெயிண்ட்னு சொல்லணும்னாங்க."

"பெயிண்ட் இல்லையா?"

அந்தப் பெண் துகள்களைக் கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்தாள். சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"நான் புதுசு ஆன்ட்டி. குழுத்தலைவருங்களைக் கேளுங்க. அவங்கதான் வரிசைக்கு முன்னாடி நிப்பாங்க."

காலை வரிசை என்றால் என்ன என்று குய்ஷியாங்குக்குத் தெரியும். கடை திறப்பதற்கு முன்னால் வாசலில் எல்லாரையும் நிறுத்தி, கைதட்ட வைத்து, இன்று எத்தனை வண்டி விற்போம் என்று கோஷம் போட வைப்பார்கள். அன்றைய உத்தரவுகளும் அங்கேதான் வாய்மொழியாக வரும். தாளில் ஒன்றும் இருக்காது. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது, குழுத்தலைவர் ஆகிவிட்டேன், வரிசைக்கு முன்னால் நின்று கோஷம் போடுவது நான்தான் என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

புத்தாண்டான வசந்த விழா பிப்ரவரியில் வந்துபோனது. ரூயின் அடிபட்டது மார்ச்சில்.

*

போவென் ஷோரூமின் பின்பக்கம், கார் கழுவும் இடத்தில் நின்றிருந்தான். அத்தை வருவதைப் பார்த்ததும் சிகரெட்டை ஈரத்தரையில் போட்டான்.

அவள் கேட்கவே இல்லை. அவனே சொன்னான்.

வடக்கே ஏதோ ஒரு ஊரில் துணி கேமராவில் சுற்றிக்கொண்டு ஒரு கார் வேலியில் இடித்ததாம். ஆளுக்கு அடி இல்லை, செய்தியும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த உத்தரவு. ஒரு துணிக் கிழிசல் வண்டியைக் குருடாக்கும் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் அப்புறம் ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள். அதனால் பெயிண்ட் என்று சொல்லச் சொன்னார்கள். முன்னால் விற்ற வண்டிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

"நீ கேக்கலையா?"

"வரிசையில யாரும் கேக்க மாட்டாங்க அத்தை."

"உன் பெண்டாட்டி வண்டியில துணி ஆடிக்கிட்டிருந்துச்சே. தினமும் அதுக்குப் பக்கத்துலதானே உன் ஸ்கூட்டரை நிறுத்துவே?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு சாயங்காலமே கீழ போனேன். முடிச்சுல கை வெச்சேன் அத்தை. சத்தியமா வெச்சேன்."

"அப்புறம்?"

"நீங்க கட்டினது. கையால அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. அவிழ்த்தா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா, இந்த வண்டிக்கு எல்லாம் தெரியும்னு நான் ஊர் பூரா சொல்லி வித்தது..." அவன் முடிக்கவில்லை. "தானா விழுந்துடும்னு விட்டுட்டேன்."

குய்ஷியாங்குக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாகத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அவனிடம் அதட்டிச் சொல்லிவைத்தது அவள்தானே. மாமியாரின் முடிச்சுக்குப் பயந்து ஒருவன் மனைவியைக் குருட்டு வண்டியில் அனுப்பியிருக்கிறான். அந்தப் பயத்தைப் போதித்தவள் இவள்.

விரல் வைத்துவிடுங்கள், தன் பெயர் மட்டும் எங்கேயும் வர வேண்டாம், வரிசையில் பேசியதை வெளியே சொன்னவனுக்கு இந்த ஊரில் எந்த ஷோரூமிலும் வேலை கிடைக்காது என்று அவன் கெஞ்சினான். அவள் உள்ளே நடந்தாள்.

ஷென் ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் காத்திருந்தார். எதிரே டெஷெங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஷென் குனிந்து கண்ணாடியின் அடியைக் காட்டினார். பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். குய்ஷியாங் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இப்ப மறைச்சிருக்கேனே, இது வண்டிக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார் ஷென், உற்சாகமாக. இப்போது வருகிற வண்டிகளில் திரையில் எச்சரிக்கை வரும், தானாக வரிசை மாறுவது நின்றுவிடும் என்றார்.

"எங்க வண்டியில?"

ஷென் நிமிர்ந்தார். தொழில்நுட்பம் நாளுக்கு நாள் மேம்படுகிற விஷயம், நேற்றைய வண்டியை இன்றைய வண்டியோடு ஒப்பிடக் கூடாது என்றார்.

"குருடன்கூட தடியைத் தட்டிப் பாத்துட்டுத்தான் கால் வைப்பான்," என்றார் டெஷெங். அங்கே நின்ற ஒரு விற்பனையாளன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாளைத் தன்னிடமே கொடுக்கும்படி குய்ஷியாங் கேட்டாள். மகளிடம் காட்டிவிட்டு மாலைக்குள் பதில் சொல்கிறேன் என்றாள். ஷென் கொடுத்தார். மைச்சிமிழையும் சேர்த்தே கொடுத்தார்.

*

ஆஸ்பத்திரியில் ரூயினின் கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாட்டுப் பலகையை இழுத்துவிட்டு, அதன்மேல் குய்ஷியாங் எழுதினாள். கம்பெனியின் தாளில் அல்ல. கீழே கடையில் வாங்கிய கோடு போட்ட தாளில். பஸ் காலத்தில் ஒவ்வொரு நாளும் புகார்ப் புத்தகம் எழுதிய கை. தேதி, இடம், யார், என்ன என்று வரிசை தவறாது. மாகாணத்தின் தரக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு என்று ஆரம்பித்தாள்.

ரூயின் மருந்து மயக்கத்தில் பாதிக்கண் மூடியிருந்தாள். டெஷெங் ஜன்னல் ஓரம் நின்றார். சற்று நேரத்தில் போவென்னும் தாமரைக்கிழங்கு சூப் வாளியோடு வந்து கதவருகே நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் குய்ஷியாங் மகளை எழுப்பினாள். இது உன் காலைப் பற்றிய கடிதம், உனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்றாள். வாய்விட்டுப் படித்தாள்.

முதல் பத்தி குய்ஷியாங் தன்னைப் பற்றியே எழுதியது. வலப்பக்கக் கண்ணாடியில் துணியைக் கட்டியவள் நான், இரட்டை முடிச்சு போட்டவள் நான், அவிழ்க்கக் கூடாது என்று சொன்னவளும் நான். இரண்டாவது பத்தி வந்தது. கதவருகே பார்த்தாள். போவென் தலையை அசைத்து வேண்டாம் என்றான், கெஞ்சுவது போல. அவள் படித்தாள். காலை வரிசை, பெயிண்ட், முடிச்சில் வைத்த கை, எல்லாம் அதில் இருந்தது.

ரூயின் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"போவென். அந்த உத்தரவு வந்த அப்புறம் நீ நம்ம வண்டியை ஓட்டினேதானே? தானா ஓடட்டும்னு ஒரு நாளாவது விட்டியா?"

அவன் சூப் வாளியை மறு கைக்கு மாற்றினான்.

"சொல்லு."

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"உனக்கு," என்றாள் ரூயின்.

டெஷெங் மாப்பிள்ளையை நோக்கி ஓரடி வைத்தார். குய்ஷியாங் கையை நீட்டித் தடுத்தாள்.

ரூயின் கொஞ்ச நேரம் அழுதாள். சத்தமில்லாமல், காதுப்பக்கம் வழியவிட்டு. துடைக்க வந்த அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு, தன்னைப் பற்றியும் எழுதச் சொன்னாள்.

"உன்னைப் பத்தி என்னடி எழுதறது?"

"என் கை ஸ்டீயரிங்கில இல்லம்மா. வாத்துக் கழுத்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். காரம் ஒட்டக் கூடாதுன்னு ரெண்டு கையிலயும் பிளாஸ்டிக் உறை. கையை வைன்னு வண்டி கூப்பிடும்போதெல்லாம் முழங்காலால ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டுவேன், பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கும். தினமும் அப்படித்தான் வருவேன்."

இந்த வரியை எழுதினால் பழி நேராக உன் தலையில்தான் விழும், இன்சூரன்ஸ்காரன் சிரித்துக்கொண்டே போய்விடுவான், லைசென்ஸ் போய்விடும் என்று டெஷெங் பதறினார். போலீசிடமே சொல்லாததை நீயாக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்றார்.

"அப்பா, அம்மா துணியை மறைக்கணும், இவன் வரிசையை மறைக்கணும், நான் கையை மறைக்கணும். எல்லாரும் மறைச்சா அவங்க மறைச்சது எப்படித் தெரியும்? எழுதும்மா."

குய்ஷியாங் எழுதினாள். வாத்துக் கழுத்து என்றும் எழுதினாள், வெறுமனே சாப்பாடு என்று எழுதவில்லை. கடைசிப் பத்தியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதி முடித்தாள்.

"எங்கள் வீட்டார் தவறுகள் இவ்வளவுதான், ஒன்றையும் விடவில்லை. இனிக் கம்பெனி தன்னுடையதைச் சொல்லட்டும். கண் மறைந்தபோது வண்டி ஏன் நிற்கவில்லை? தனக்குத் தெரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை? துணியை இடம் மாற்றிக் கட்டச் சொன்னவர்கள், அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இன்றும் எத்தனை வண்டிகள் துணி கட்டி ஓடிக்கொண்டிருக்கின்றன?"

கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். ரூயின் படுத்தபடியே போட்டாள். எழுத்துக் கோணலாக விழுந்தது. போவென்னின் பெயரைக் குய்ஷியாங் எழுதி, அதற்கு எதிரே இடம் விட்டு, பேனாவைப் பலகையில் வைத்தாள். வரிசையில் நின்று அந்த உத்தரவைக் காதால் கேட்டவன் இந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். அவன் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஒரு கிழவியின் புலம்பல். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

போவென் பேனாவைப் பார்த்தான். சூப் வாளியை மெல்லத் தரையில் வைத்தான். வெளியே நடந்தான். அவனுடைய காலடி லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

"இப்படியே அனுப்பு," என்றாள் ரூயின்.

*

தபால் நிலையம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம். கவுண்டர் மூட நேரமாகிவிட்டது என்று உள்ளே இருந்த பெண் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். குய்ஷியாங் முகவரியை ஒருமுறை விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். உறையின் வாயைப் பசை தடவி ஒட்டினாள். ஓரங்களை நகத்தால் இழுத்து அழுத்தினாள். கம்பெனியின் தாளை அவள் உள்ளே வைக்கவில்லை. அது விரல் ரேகை படாமலே பையில் மடங்கிக் கிடந்தது.

கவுண்டர் பெண் சீட்டை ஒட்டி, உறையைப் பக்கத்திலிருந்த பச்சைத் தட்டில் போட்டாள். தட்டுகளை ஒரு ஆள் வெளியே கொண்டுபோய், வாசலில் நின்ற சிறிய வண்டியின் அறைகளில் அடுக்கிக்கொண்டிருந்தான். குய்ஷியாங் அந்த வண்டியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அதற்கு முன்கண்ணாடி இல்லை. உள்ளே இருக்கையும் இல்லை.

"தங்கச்சி, அதை யார் ஓட்டறது?"

"அது தானா போகும் ஆன்ட்டி. இங்கேருந்து பிரிக்கிற இடம் வரைக்கும் இப்ப அதுலதான். மழைன்னு லீவு போடாது, லேட்டா வராது."

"என் கடிதத்தை எடும்மா."

நேற்றுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அவளுடைய குரலில் சலிப்பு இருந்தது. இந்த மாதிரி வயசானவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

"நான் தொலையும்னு சொல்லல," என்றாள் குய்ஷியாங். "தொலைஞ்சா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உறையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் பை கட்டிக்கொண்டிருந்த தபால்காரரைக் கூப்பிட்டாள். நடுத்தர வயது ஆள், பல்லில் குச்சி. கையெழுத்து வாங்க வேண்டிய கடிதம், நேராகத் தலைமை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

குய்ஷியாங் வெளியே வந்து அவர் பெயரைக் கேட்டாள்.

"வெய். எதுக்கும்மா?"

"ஒண்ணுமில்ல. தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

அவர் தோளைக் குலுக்கினார். உறையைப் பையில் போட்டு, பையின் வாயை இழுத்துக் கட்டி, வண்டியைக் கிளப்பினார்.

அப்போது அவள் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். போவென். அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. வெய்யின் வண்டி ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிப் போய், முனையில் கை காட்டித் திரும்பி, கண்ணுக்கு மறையும்வரைக்கும் அவள் எடுக்கவில்லை.